பள்ளி ஆண்டு விழா: தேதி குறிப்பதிலிருந்து மேடை பிரிப்பது வரை

பஞ்சாங்கப்படி இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. அதற்குள் தேர்வு முடிந்து பள்ளி பூட்டும் நேரம் வந்துவிடும். அதனால் தமிழ்நாட்டில் பள்ளிகளின் விழாக்காலம் தை பின்பாதியும் மாசி முன்பாதியும்தான். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஆண்டு விழா நடத்தப் பொறுப்பேற்கும் ஆசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் இந்த வழிகாட்டி. கணக்குகள் எல்லாம் சுமார் 600 மாணவர்கள் படிக்கும், திறந்தவெளி மைதானத்தில் விழா நடத்தும் ஒரு பள்ளியை மனத்தில் வைத்துப் போட்டவை. உங்கள் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். அன்று மாலை யாருக்கானது? மேடையேறும் பிள்ளைக்கும், அதைப் பார்க்க வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கும்தான். விருந்தினர், பேச்சு, பொன்னாடை எல்லாம் அதற்குப் பிறகு. கீழே வரும் ஒவ்வொரு ஏற்பாடும் இதை வைத்துத்தான்.

தேதி

2025இல் பிளஸ் 2 பொதுத்தேர்வு மார்ச் 3ஆம் தேதி தொடங்கியது. செய்முறைத் தேர்வுகள் பிப்ரவரி முதல் பாதியிலேயே வந்துவிட்டன. பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பவே ஜனவரி 20 ஆகிவிடும். இடையில் குடியரசு தினமும் திருப்புதல் தேர்வும் உண்டு. ஆக, நிம்மதியாகக் கிடைப்பது ஜனவரி கடைசி வாரமும் பிப்ரவரி முதல் வாரமும் மட்டுமே. அதைத் தவறவிட்டால் பத்து, பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர்களும் பிள்ளைகளும் அரை மனத்தோடுதான் வருவார்கள்.

தேதியை முடிவு செய்யும் முன் நாட்காட்டியில் முகூர்த்த நாளைப் பாருங்கள். தை, மாசியில் கல்யாணங்கள் நிறைய. முகூர்த்தத்தன்று பந்தல்காரர், சவுண்ட் சர்வீஸ், நாற்காலி, ஜெனரேட்டர் எதுவும் சரியாகக் கிடைக்காது. கிடைத்தாலும் நல்ல பொருள் மண்டபத்துக்குப் போய்விடும், மிச்சம்தான் பள்ளிக்கு வரும். உள்ளூர்க் கோயில் திருவிழாவும் தைப்பூசமும் எந்த நாளில் வருகின்றன என்பதையும் பார்த்துவிட்டு, முகூர்த்தம் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். மறுநாள் பந்தல் பிரிக்கவும் மைதானத்தைக் கூட்டவும் சனிக்கிழமை கையில் இருக்கும்.

தேதி உறுதியானதும் ஆறு வாரம் பின்னோக்கி எண்ணுங்கள். ஆறாவது வாரத்தில் குழு அமைப்பதும் முன்பதிவும், ஐந்தாவதில் நிகழ்ச்சித் தேர்வு, கடைசி மூன்று வாரம் ஒத்திகை. ஒத்திகையை ஆறு வாரமும் இழுத்தால் பிள்ளைகள் சலித்துப்போவார்கள், பாடமும் கெடும். ஒரு நாளுக்குக் கடைசி ஒரு பாடவேளை போதும்.

அனுமதியும் நிதியும்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, வரவு செலவை அங்கேயே எழுதிவிடுங்கள். அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டு விழாவுக்கென்று மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து நிதி ஒதுக்கப்பட்டால் அந்தத் தொகை முதல் வரவு. மீதியைப் பெற்றோர் ஆசிரியர் கழகமும் முன்னாள் மாணவர்களும் தரலாம். பிள்ளைகளிடம் வசூல் வேண்டாம். நன்கொடைக்கு ரசீது கொடுங்கள். பணமாகத் தருவதைவிட "நாற்காலி என் பொறுப்பு", "தண்ணீர் என் பொறுப்பு" என்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டால் கணக்கு சுலபம்.

ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும். ஒலி மாசு விதிகள், 2000இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. கூம்பு வடிவக் குழாய் வைக்கவும் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. சவுண்ட் சர்வீஸ்காரர் பழக்கத்தில் மரத்தில் இரண்டு குழாய் கட்ட வந்தால் அப்போதே மறுத்துவிடுங்கள். பள்ளிக்கு அருகில் மருத்துவமனையோ, உடல்நலம் குன்றிய முதியவர்கள் வீடோ இருந்தால் ஒருவர் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவது நல்லது.

நேரக் கணக்கு

விழா சொதப்புவது பெரும்பாலும் இங்கேதான். யாரும் கணக்குப் போடுவதில்லை. அழைப்பிதழில் பெயர்களை அடுக்கிவிட்டு, கடைசியில் ஒன்பதே முக்கால் மணிக்கு, ஐந்து மணி நேரமாக ஒப்பனையோடு காத்திருந்த பிள்ளைகளிடம் "உங்கள் நடனத்துக்கு நேரமில்லை" என்று சொல்கிறார்கள். இதைவிடப் பெரிய அநீதி அன்று மாலை நடக்க முடியாது.

மாலை 4.30க்குத் தொடங்கி 7.45க்கு முடிப்பதாக வைத்துக்கொள்வோம். கையில் 195 நிமிடம். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, ஆண்டறிக்கை, மூன்று வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை எல்லாம் சேர்த்து 40 நிமிடம். இதில் ஆண்டறிக்கைக்கு 8, சிறப்புரைக்கு 12, ஒவ்வொரு வாழ்த்துரைக்கும் 3. பரிசு 50 பேருக்கு, ஆளுக்கு 25 விநாடி என்றால் 21 நிமிடம். கலைநிகழ்ச்சி 16, ஒவ்வொன்றும் 4 நிமிடம், மாறுவதற்கு ஒன்றரை நிமிடம்: 88 நிமிடம். ஒரு நாடகம் 12 நிமிடம். கூட்டினால் 161. மீதமுள்ள 34 நிமிடம் தாமதத்துக்கானது. அது காலியாக இருக்கிறதே என்று இன்னொரு நிகழ்ச்சியைச் செருகிவிடாதீர்கள். மின்வெட்டு, தாமதமாக வரும் விருந்தினர், அறுந்துபோன சலங்கை எல்லாம் அதைத் தின்றுவிடும்.

வாழ்த்துரை வழங்குவோர் பட்டியலை மூன்று பேரோடு நிறுத்துவது தலைமையாசிரியரின் வேலை. மற்றவர்களை மேடைக்கு அழைத்துப் பரிசு கொடுக்கச் சொல்லுங்கள். மரியாதையும் குறையாது, நேரமும் மிஞ்சும். எட்டுப் பேருக்குப் பொன்னாடை போர்த்தினால் பத்து நிமிடம் போய்விடும். உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தால் இரண்டு நிமிடம்.

விருந்தினருக்காகத் தொடக்கத்தைத் தள்ளிப்போடாதீர்கள். தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் 4.30க்கே இரண்டு நடனங்களை விட்டுவிடுங்கள். பாட்டுச் சத்தம் கேட்டால் தெருவில் நிற்கும் கூட்டம் உள்ளே வரும். 5 மணிக்குப் பேச்சுப் பகுதி. பரிசளிப்பை ஒரே மூச்சில் முடிக்காமல் மூன்றாகப் பிரித்து, நடனங்களுக்கு நடுவே வைத்தால் அடுத்த குழு உடை மாற்றவும் அவகாசம் கிடைக்கும்.

தமிழ்த்தாய் வாழ்த்தை 2021 டிசம்பரில் அரசு மாநிலப் பாடலாக அறிவித்தது. 55 விநாடியில் பாட வேண்டும் என்றும், இசைத்தட்டைத் தவிர்த்து வாயால் பாட வேண்டும் என்றும் அந்த அறிவிப்பு சொல்கிறது. நன்றாகப் பாடும் ஆறு பிள்ளைகளுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுங்கள். முடிவில் நாட்டுப்பண் 52 விநாடி.

யார் மேடையேறுவது

எல்லாப் பள்ளியிலும் நன்றாக ஆடும் நான்கைந்து பிள்ளைகள் இருப்பார்கள். விட்டால் பதினாறு நிகழ்ச்சியிலும் அவர்களே இருப்பார்கள். ஒரு மாணவருக்கு அதிகபட்சம் இரண்டு நிகழ்ச்சி என்று விதி வைத்து, தேர்வு நாளன்றே அதை அறிவித்துவிடுங்கள். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஏதாவது ஒன்று வர வேண்டும். ஆட வராதவர்களுக்கு நாடகம், குழுப்பாடல், நிகழ்ச்சித் தொகுப்பு, மேடைப் பொருள் எடுத்து வைப்பது, ஒலிப்பெட்டி அருகில் பட்டியலோடு நிற்பது என்று வேலை எத்தனையோ இருக்கிறது. பொதுத்தேர்வு எழுதுகிறவர்களை முழுக்க ஒதுக்காமல், ஒத்திகை குறைவாகத் தேவைப்படும் பாட்டு, கவிதை போன்றவற்றைக் கொடுங்கள்.

பாடலை முழுதாகக் கேட்காமல் அனுமதிக்காதீர்கள். பல்லவி நன்றாக இருக்கும், இரண்டாம் சரணத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஆடக்கூடாத வரி வரும். சாதிப் பெருமை பேசும் பாட்டு, கட்சிக் கொடி, தலைவர் படம், நடிகர் படம் போட்ட சட்டை எதுவும் வேண்டாம். மைதானத்தில் ஒரு மூலையிலிருந்து விசில், மறு மூலையிலிருந்து கூச்சல் என்று தொடங்கினால் அது மறுநாள் வகுப்பறைக்குள் வந்து நிற்கும்.

நாட்டார் கலைகளுக்கு இடம் கொடுங்கள். கும்மி, கோலாட்டம், ஒயிலாட்டம் மூன்றும் பதினாறு பேர், இருபது பேர் சேர்ந்து ஆடக்கூடியவை, செலவும் குறைவு. ஒயிலாட்டத்துக்கு வெள்ளை வேட்டி, தலைப்பாகை, கையில் வண்ணத் துணி, காலில் சலங்கை போதும். சிலம்பம் என்றால் கம்பு சுழல்வதற்குத் தலைக்கு மேலும் பக்கவாட்டிலும் இடம் வேண்டும். பந்தல் கூரை தாழ்வாக இருந்தால் மேடைக்கு முன் தரையில், பார்வையாளரிடமிருந்து குறைந்தது 15 அடி தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் ஜமுக்காளத்தை அந்த நேரத்துக்குப் பின்னால் நகர்த்த வேண்டும்.

பறை அடிக்கும் குழு இருந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தை மாதப் பனியில், பொழுது சாய்ந்ததும் தோல் ஈரம் இழுத்துத் தொய்ந்துவிடும். மதியம் ஒத்திகையில் கணீரென்று கேட்டது மாலையில் மொத்தென்று கேட்கும். அதனால் ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன் பறையைக் காய்ச்ச வேண்டும். மேடையிலிருந்தும் பந்தலிலிருந்தும் 50 அடி தள்ளி, காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும் இடமாகப் பார்த்து, கொஞ்சம் வைக்கோலோ காகிதமோ எரித்து, தோலை அனலில் காட்டித் திருப்பித் திருப்பி விரலால் தட்டிப் பார்ப்பார்கள். சுருதி ஏறியதும் எடுத்துவிட வேண்டும். பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரும் ஒரு பெரியவரும் கட்டாயம். இந்தப் பத்து நிமிடத்தை நிகழ்ச்சிப் பட்டியலிலேயே எழுதி வையுங்கள்.

மேடையும் பந்தலும்

பன்னிரண்டு பேர் ஆட 24 அடி அகலம், 18 அடி ஆழம் தேவை. உயரம் மூன்றரை அடி. அதற்கு மேல் போனால் முன்வரிசையில் தரையில் உட்காரும் பிள்ளைகளுக்குக் கால் தெரியாது. வகுப்பறை மேசைகளை அடுக்கி மேடை போடுவதைக் கைவிடுங்கள். ஒவ்வொரு மேசையும் ஒவ்வொரு உயரம். இருபது பேர் ஒரே தாளத்தில் குதிக்கும்போது இடைவெளி விட்டு, கால் உள்ளே இறங்கும். இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் கனமான பிளைவுட் போடச் சொல்லுங்கள். போட்டு முடித்ததும் எட்டுப் பெரியவர்கள் ஏறி ஒன்றாகக் குதித்துப் பாருங்கள். ஆடுகிறதென்றால் குறுக்குக் கட்டு போதவில்லை.

மேட் விரிப்பின் ஓரம் சுருண்டால் யாராவது தடுக்கி விழுவார்கள். ஆணி வேண்டாம், வெறுங்காலில் ஆடுகிற பிள்ளைகளுக்குக் குத்தும். அகலமான ஒட்டுநாடாவால் நான்கு பக்கமும் ஒட்டுங்கள். படிக்கட்டு இரண்டு பக்கமும் வேண்டும்: ஏறுவது ஒரு பக்கம், இறங்குவது மறுபக்கம். ஒரே படி இருந்தால் நிகழ்ச்சிக்கு ஒரு நிமிடம் கூடுதலாகப் போகும். பதினாறு நிகழ்ச்சிக்கு அது கால் மணி நேரத்தைத் தாண்டும்.

கீற்றுப் பந்தல் வேண்டவே வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியின் கீற்றுக் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். துணிப் பந்தலிலும் சூடாகும் விளக்கு துணியைத் தொடாமல் இரண்டடியாவது தள்ளியிருக்க வேண்டும். மணல் வாளி, தண்ணீர் வாளி நான்கு நான்கு, தீயணைப்பான் இரண்டு, மேடைக்குப் பின்னும் ஜெனரேட்டர் அருகிலும் வையுங்கள். அலங்காரத்துக்கு வாயு நிரப்பிய பலூன் வேண்டாம். சந்தையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன். ஒரு பொறி பட்டால் வெடிக்கும். வாயால் ஊதிய பலூனும் காகிதத் தோரணமும் போதும்.

உட்காரும் இடத்தில் நடுவே ஆறடி வழி விடுங்கள். நாற்காலிகளை ஐந்தைந்தாகக் கயிற்றால் கட்டிவிட்டால் வழி மறையாது. பெற்றோர் கைப்பேசியோடு முன்னால் வந்து நிற்பார்கள். அது தடுக்க முடியாத ஆசை, தடுக்கவும் வேண்டாம். மேடையின் இடது ஓரம் கயிறு கட்டி ஓரிடம் ஒதுக்கி, "உங்கள் பிள்ளை ஆடும்போது இங்கே வாருங்கள்" என்று அறிவியுங்கள்.

ஒலி

இந்தக் கூட்டத்துக்கு மேடைக்கு இருபுறமும் குரலுக்கு ஒரு டாப் பெட்டி, தாள அதிர்வுக்கு ஒரு பாஸ் பெட்டி போதும். இரண்டு கம்பியில்லா மைக், பேச்சு மேடைக்கு ஒன்று, நாடகத்துக்கு மூன்று நின்ற மைக், ஆடுகிறவர்களுக்குப் பாட்டு கேட்க மேடையை நோக்கி ஒரு மானிட்டர். மானிட்டரைச் சேமிப்பாக எண்ணி விட்டுவிடுவார்கள்; அது இல்லாவிட்டால் பின்வரிசைப் பிள்ளைகள் தாளம் தப்புவார்கள்.

மைக் கீச்சிடுவதற்குக் காரணம் ஒன்றுதான்: ஒலிப்பெட்டியிலிருந்து வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் போகிறது. பெட்டிகளை மேடையின் முன்விளிம்புக்கும் முன்னால், கூட்டத்தைப் பார்த்து வையுங்கள். பேசுகிறவர் மைக்கைப் பெட்டிக்கு முன்னால் எடுத்துக்கொண்டு நடக்கக் கூடாது. கம்பியில்லா மைக்கில் புதிய பேட்டரி போட்டுத் தொடங்கி, ஆறு மணிக்கு மறுபடி மாற்றிவிடுங்கள். தீரும்வரை காத்திருந்தால் சரியாக ஒரு நிகழ்ச்சியின் நடுவில் தீரும்.

பாட்டு எதையும் இணையத்திலிருந்து நேரடியாகப் போடாதீர்கள். நடுவில் விளம்பரம் வரும், இணையம் தடைப்பட்டுப் பாட்டு நிற்கும். பதினாறு பாட்டையும் வெட்டித் திருத்தி, 01, 02 என்று வரிசை எண்ணோடு பென்டிரைவில் ஏற்றி, இன்னொன்றில் நகல் வையுங்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்திலிருந்து இறக்கியதால் சத்தம் ஏறி இறங்கும். முதல் நாளே ஒலிக்காரரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியிலிருந்து போட வேண்டிவந்தால் அதை விமானப் பயன்முறையில் வையுங்கள். ஒலிப்பெட்டி அருகில் நிகழ்ச்சி தெரிந்த ஒரு மாணவர், கையில் பட்டியலோடு, விழா முடியும்வரை நகராமல் இருக்க வேண்டும்.

சினிமாப் பாட்டுக்கு உரிமம் வேண்டுமா என்று கேட்பார்கள். கல்வி நிறுவனத்தின் மாணவர்களும் ஊழியர்களும், மாணவர், பெற்றோர், நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் முன் நிகழ்த்துவதற்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்கு தருகிறது. அதே நிகழ்ச்சியை யூடியூபில் நேரலையாக விட்டால் அந்த விலக்கை நம்ப முடியாது. பாட்டு ஒலியை நிறுத்திவிடவும் செய்வார்கள். பிள்ளைகள் முகம் தெரியும் காணொளியைப் பொதுவெளியில் போடப் பெற்றோர் சம்மதமும் வேண்டும்.

மின்சாரம்

கணக்கு இப்படி: ஒலி 3 கிலோவாட், மேடைக்கு நான்கு 500 வாட் ஹாலோஜன் 2 கிலோவாட், எல்.இ.டி. விளக்குகள் ஒன்றரை, ஒப்பனை அறை விளக்கு, மின்விசிறி அரை. மொத்தம் 7. பள்ளியின் ஒற்றை முனை (சிங்கிள் பேஸ்) இணைப்பில் இதைப் போட்டால் பாட்டின் பாதியில் ஃபியூஸ் போய்விடும். 10 கே.வி.ஏ. ஜெனரேட்டர் 8 கிலோவாட்தான் தரும், இறுக்கம். 15 எடுங்கள், 12 கிடைக்கும். டீசல் போதுமான அளவு ஊற்றியிருக்கிறதா என்று 3 மணிக்கே பாருங்கள். ஜெனரேட்டர் பார்வையாளர் பக்கம் புகை வராத இடத்தில், பிள்ளைகள் நெருங்காதபடி கயிறு கட்டி இருக்கட்டும். மின்கம்பத்தில் கொக்கி போடுவதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

பனி இறங்கியதும் புல் நனைந்துவிடும். கம்பி இணைப்புகள் புல்லில் கிடந்தால் ஆபத்து. ஒவ்வொன்றையும் செங்கல் மேல் தூக்கி வைத்துப் பிளாஸ்டிக்கால் மூடுங்கள். ஒலிக்காரரின் மிக்ஸர் கருவிக்கு மேலேயும் துணி விரிப்பு வேண்டும்.

ஒப்பனை அறை, உடை, சாப்பாடு

பெண்பிள்ளைகள் உடை மாற்றும் அறைக்கு உள்தாழ்ப்பாள், சன்னலுக்குத் துணி, வாசலில் ஓர் ஆசிரியை. உள்ளே யாருடைய கைப்பேசியும் போகக் கூடாது, ஆசிரியையுடையதும் கூட. கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு போடுங்கள்; இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

வாடகை உடையை முதல் நாளே எடுத்து, பெயரெழுதிய பையில் போட்டு அளவு பார்த்துவிடுங்கள். ஊக்கு நூறு, ஊசி நூல், கூடுதல் சலங்கை ஒரு பெட்டியில் இருக்கட்டும். ஒரே மை டப்பாவை இருபது பேர் கண்ணுக்குத் தீட்டினால் கண்வலி வகுப்பு முழுவதும் பரவும். மையை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். உடைக்குப் பணம் கட்ட முடியாததால் ஒரு பிள்ளை நடனத்திலிருந்து விலகுகிறது என்றால் அந்த நடனத்தின் உடையை மாற்றுங்கள். பள்ளிச் சீருடைக்கு மேல் வண்ணத் துண்டு கட்டி ஆடினாலும் மேடையில் அழகாகத்தான் இருக்கும்.

ஆடும் பிள்ளைகள் மதியத்திலிருந்து பட்டினியாக இருந்தால் மயங்கி விழுவார்கள். சுண்டலுக்கு, 120 பேருக்கு ஆளுக்கு 30 கிராம் கணக்கில் கொண்டைக்கடலை 4 கிலோ. முந்தைய இரவே ஊற வையுங்கள். தேங்காய்த் துருவலைத் தாளிக்கும்போது போடாமல், பரிமாறும் முன் போட வேண்டும். மதியமே கலந்தால் மாலைக்குள் ஊசிப்போகும். ஒப்பனைக்கு முன், 3 மணிக்கே, சுண்டலும் ஒரு வாழைப்பழமும் கொடுத்துவிடுங்கள். குடிநீருக்கு 500 பேருக்கு 20 லிட்டர் கேன் 25; ஒரே இடத்தில் அடுக்காமல் மூன்று இடத்தில் வையுங்கள்.

அன்று

காலையில் முழு உடை ஒத்திகை வேண்டாம், சக்தி தீர்ந்துவிடும். ஒவ்வொரு குழுவும் மேடையேறி, நிற்கும் இடத்தைப் பார்த்து, பாட்டின் முதல் 30 விநாடி ஆடிவிட்டு இறங்கினால் போதும். மாலையில் மூன்றடுக்கு வரிசை: ஒரு குழு மேடையில், அடுத்தது படிக்கட்டில், அதற்கடுத்தது ஒப்பனை அறை வாசலில். இதைப் பார்த்துக்கொள்ளக் குரல் உயர்த்தாத ஆசிரியர் ஒருவர் வேண்டும். ஏற்கெனவே பயந்திருக்கும் பிள்ளையை ஏறும் நேரத்தில் அதட்டினால் அடவு மறந்துபோகும்.

தொகுப்பாளர்கள் இருவரும் மாணவர்களாக இருக்கட்டும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மூன்று வரி அறிமுகம், தவிர, தாமதமானால் சொல்ல ஒரு விடுகதை, ஒரு குறள் விளக்கம், ஒரு வினாடி வினா என்று ஐந்தாறு எழுதிக் கையில் வைத்திருக்க வேண்டும். பரிசுப் பொருளில் எண் ஒட்டி, பரிசு பெறுவோரை அதே எண் வரிசையில் உட்கார வைத்தால் ஒரு பெயரும் தப்பாது. முதலுதவிப் பெட்டி, 108க்கு அழைக்க ஒருவர், வண்டி உள்ளே வரும் வழி அடைபடாமல் பார்க்க ஒருவர்.

7.45க்கு முடிப்பது கடைசிப் பேருந்துக்காகவும்தான். வெளியூர்ப் பிள்ளைகளின் பட்டியலை ஊர்வாரியாக எழுதி, பெற்றோர் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். பெற்றோர் வராத பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளை வீடு சேர்ந்தது தெரியும்வரை ஓர் ஆசிரியர் பள்ளியிலேயே இருக்க வேண்டும்.

மறுநாள்

வாடகை உடைகளைக் காலையிலேயே எண்ணித் திருப்பிவிடுங்கள். ஒருநாள் தாமதமானால் இன்னொரு நாள் வாடகை. மைதானத்தில் ஊக்கு, ஒட்டுநாடா, உடைந்த வளையல் கிடக்கும். திங்கட்கிழமை வெறுங்காலில் விளையாட வரும் பிள்ளைகளுக்கு முன் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். ஒரு வாரத்துக்குள் ரசீதுகளோடு கணக்கைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்து, தகவல் பலகையிலும் ஒட்டுங்கள். நேரக் கணக்கில் எது எத்தனை நிமிடம் எடுத்தது என்று அன்றே குறித்த தாளையும், சரியாக வேலை செய்த பந்தல்காரர், ஒலிக்காரர் எண்ணையும் அதே கோப்பில் சேர்த்துவிட்டால், அடுத்த ஆண்டுக் குழு அங்கிருந்து தொடங்கலாம்.